ஆன்டிபாடி விளைச்சல் குறைவா? வெக்டரில் கைவைப்பதற்கு முன்னால்

லிட்டருக்கு 150 மில்லிகிராமாவது வரும் என்று நினைத்து ஒரு வாரம் ஷேக்கரைச் சுற்றவிட்டு, சுத்திகரித்து முடித்த பிறகு குழாயில் 4 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால், எல்லாருக்கும் உடனே சந்தேகம் போவது வெக்டர்மேல்தான், அதாவது ஆன்டிபாடியின் ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏமேல். புரோமோட்டரை (ஜீனைப் படிக்கத் தொடங்கவைக்கும் டிஎன்ஏ பகுதி) மாற்றலாமா, கோடான்களை (ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் உரிய மூன்றெழுத்துக் குறி) இன்னொருமுறை சீர்செய்து ஜீனைப் புதிதாக ஆர்டர் போடலாமா, புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் சிக்னல் பெப்டைடு சரியில்லையோ என்று வரிசையாகக் கேள்வி வரும். நானும் அப்படி ஒருமுறை இரண்டு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன். மூன்று புரோமோட்டர், இரண்டு சிக்னல் பெப்டைடு, எல்லாவற்றையும் குளோன் செய்து பார்த்தும் எதுவும் தேறவில்லை. கடைசியில் விஷயம் என்னவென்றால், செல்கள் கட்டி கட்டியாகச் சேராமல் இருக்க மீடியத்தில் ஒரு கட்டித்தடுப்பு மருந்தை நானே கலந்து வைத்திருந்தேன், டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் செலுத்துவது) அன்று அதை நீக்க மறந்துகொண்டே இருந்தேன். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட், ஹெப்பரின் மாதிரியான எதிர்மின்னேற்றம் கொண்ட பொருட்கள் டிஎன்ஏவைச் செல்லுக்குள் சுமந்துபோகும் பாலிஎத்திலீன்இமைனைப் பிடித்துவைத்துக்கொள்ளும், டிஎன்ஏ செல்லுக்குள் போகவே போகாது. வெக்டர் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் வெக்டர் கடைசிப் பக்கம்தான் வரும். எச்இகே 293 (மனிதக் கருவின் சிறுநீரகச் செல்), சிஎச்ஓ (சீன வெள்ளெலிச் செல்) ஆகிய இரண்டு செல்களையும் சீரம் இல்லாத மீடியத்தில் மிதக்கவிட்டு, பிளாஸ்மிட்டைத் தற்காலிகமாகச் செலுத்தி ஆன்டிபாடி எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜீன் நிரந்தரமாகப் பதிந்த நிலையான செல் வரிசை பற்றி முடிவில் கொஞ்சம்.

கூடவே ஒரு பழகிய ஆன்டிபாடி

ஒவ்வொரு முறையும், ஒருமுறைகூட விடாமல், நன்றாக விளையும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ஆன்டிபாடியைப் பக்கத்து ஃபிளாஸ்கில் ஓட்டுங்கள். டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்து ஆன்டிபாடியின் அமினோ அமில வரிசை எல்லாருக்கும் கிடைக்கிறது, நன்றாகவும் விளைகிறது, அது போதும். 30 மி.லி. வளர்ப்பு போதும், பெரிய செலவில்லை. இது இல்லாமல் விளைச்சலை உயர்த்தப் போகிறேன் என்று கிளம்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரிதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு ஃபிளாஸ்க் உங்கள் பிரச்சினையை இரண்டாகப் பிளந்து கொடுத்துவிடும். இந்தப் பழகிய ஆன்டிபாடியும், அதாவது கன்ட்ரோலும், சேர்ந்து விழுந்தால் கோளாறு செல்லிலோ, மீடியத்திலோ, டிரான்ஸ்ஃபெக்‌ஷனிலோ, அளப்பதிலோ இருக்கிறது. கன்ட்ரோல் வழக்கம்போல நிமிர்ந்து நின்று உங்களுடையது மட்டும் படுத்துக்கொண்டால் கோளாறு உங்கள் ஆன்டிபாடியின் வரிசையில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதல் வகைக்கு ஜீனைத் திருத்தி எழுதுவதும், இரண்டாம் வகைக்கு ஃபீடை (செல்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஊட்டக் கரைசல்) மாற்றுவதும் வீண் வேலை, ஆனால் பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது இதுதான்.

கன்ட்ரோலின் அளவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். பத்துப் பன்னிரண்டு முறை ஆனதும் உங்கள் ஆய்வகத்தின் சாதாரண ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் "புது ஃபீட் போட்டதும் 20 சதவீதம் கூடியது" என்று சொல்வதற்கு அர்த்தமே கிடையாது, அந்த 20 சதவீதம் வெறும் தற்செயலாகக்கூட இருக்கும்.

முதலில் அளப்பது சரியா என்று பாருங்கள்

விளைச்சல் இல்லை என்று வருபவர்களில் சிலருக்கு விளைச்சல் இருக்கிறது, எண்தான் தப்பு. வளர்ப்பு மீடியத்தை அப்படியே 280 நானோமீட்டரில் அளந்து ஆன்டிபாடி அளவு என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீடியத்தில் அந்த ஒளியை உறிஞ்சுகிற பொருட்கள் ஏகப்பட்டது உண்டு, அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. சுத்தம் செய்த பிறகு அளந்தால் சரி: ஒரு மி.லி.க்கு 1 மில்லிகிராம் ஐஜிஜி (வழக்கமாக எடுக்கும் ஆன்டிபாடி வகை) இருந்தால் சுமார் 1.4 காட்டும், எனவே வருகிற எண்ணை 1.4ஆல் வகுத்துவிடுங்கள்.

மீடியத்திலேயே அளக்க வேண்டுமென்றால் எலைசா (ஆன்டிபாடியைத் தட்டில் பிடித்து நிறத்தால் அளக்கும் முறை), அல்லது வசதி இருந்தால், ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ என்ற புரதத்தைச் சென்சாராகப் போட்ட பயோலேயர் கருவி. எலைசாவில் ஒரு பொறி இருக்கிறது. பிடிப்பதற்கும் கண்டறிவதற்கும் இரண்டுக்குமே லைட் செயினை (ஒரு ஆன்டிபாடியில் பெரிய ஹெவி செயின் இரண்டு, சின்ன லைட் செயின் இரண்டு) பிடிக்கிற ஆன்டிபாடியைப் போட்டால், தனியாக வெளியே வந்து கிடக்கும் லைட் செயின்களும் சேர்ந்து எண்ணப்படும், விளைச்சல் பிரமாதம் என்று தோன்றும், சுத்திகரித்தால் பாதிகூட வராது. ஹெவி செயினின் எஃப்சி பகுதியால் பிடித்து, லைட் செயினின் கப்பா அல்லது லாம்டா பகுதியால் கண்டறியுங்கள், முழு ஆன்டிபாடி மட்டும் கணக்கில் வரும்.

செல்: பாதிக் கதை இங்கேதான்

எச்இகே 293 என்பது 1973இல் ஃபிராங்க் கிரஹாம் நெதர்லாந்தின் லைடன் நகரில் உருவாக்கிய செல் வரிசை. 293 என்பது அவருடைய 293ஆவது சோதனை என்பதால் வந்த எண். சிஎச்ஓ இன்னும் பழையது, 1957இல் தியோடர் பக் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்தது. இவ்வளவு வருடம் தாக்குப்பிடித்த செல்கள் என்பதால் என்ன செய்தாலும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். உயிரோடு இருப்பது வேறு, உற்பத்திக்குத் தயாராக இருப்பது வேறு.

மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள மிதக்கும் செல் உருண்டையாக, ஓரம் கூர்மையாக, பளிச்சென்று, ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். தனித்தனியாகவும் இரண்டிரண்டாகவும் தெரியும், அந்த இரட்டைகள் இப்போதுதான் பிரிந்துகொண்டிருப்பவை, நல்ல அறிகுறி. உள்ளே பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தாலோ, ஓரம் மங்கி, சின்னதும் பெரியதுமாக அளவு மாறி மாறிக் கிடந்தாலோ, செத்த செல்லை நீலமாக்கும் டிரைப்பான் புளூவில் 96 சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று எண் வந்தாலும் அன்று டிரான்ஸ்ஃபெக்ட் செய்யாதீர்கள். டிரைப்பான் புளூ செத்ததைத்தான் சொல்லும், சாகப்போவதைச் சொல்லாது.

எண்ணும்போது வரும் தவறும் சின்னதில்லை. ஹீமோசைட்டோமீட்டரில் நான்கு மூலைச் சதுரங்களின் சராசரியை நீர்த்தலின் மடங்கால் பெருக்கி, 10,000ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.க்கான எண்ணிக்கை. கணக்கு எளிதுதான், ஆனால் மாதிரி எடுப்பதற்குள் ஃபிளாஸ்க் மேசைமேல் இரண்டு நிமிடம் நின்றுவிட்டால் செல்கள் அடியில் இறங்கிவிடும், மேலிருந்து எடுத்தால் குறைவாகவும் அடியிலிருந்து எடுத்தால் கூடுதலாகவும் வரும். சுழற்றிக்கொண்டே எடுங்கள். கட்டிகள் இருந்தால் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

சுமார் ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற எச்இகே செல் 35 மணி நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தால் ஏதோ சரியில்லை. பொதுவாக 30 பாசேஜுக்கு (செல்களைப் பிரித்துப் புது மீடியத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்) மேல் ஓட்டாதீர்கள், புதுக் குப்பியை எடுத்துவிடுங்கள், உருக்கிய பிறகு குறைந்தது மூன்று பாசேஜ் பொறுத்துப் பயன்படுத்துங்கள். மைக்கோபிளாஸ்மா (செல் சுவர் இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா) சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். அது மீடியத்தைக் கலங்கவைக்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டிப் போய்விடும். வளர்ச்சி கொஞ்சம் மந்தம், விளைச்சல் கொஞ்சம் குறைவு என்று அடையாளமே இல்லாமல் மாதக்கணக்கில் உங்களைச் சுற்றலில் விடும்.

ஷேக்கர் விஷயம் ஒன்று. புரோட்டோகாலில் 125 ஆர்பிஎம் என்று போட்டிருக்கும், நாமும் அதையே வைப்போம், ஆனால் அந்த ஷேக்கரின் சுழற்சி விட்டமும் நம்முடையதும் ஒன்றா என்று யாரும் பார்ப்பதில்லை. விட்டம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வேகத்தைச் சுமார் 1.4ஆல் வகுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 120 ஓட்டியவர் 50 மில்லிமீட்டர் ஷேக்கரில் 85 ஓட்டினால் போதும். ஃபிளாஸ்க்கில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நல்லது. மூடி காற்றுப் போகிற மூடியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் இறுக்கி மூடிய ஃபிளாஸ்க்கை நான் இன்குபேட்டரில் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

டிரான்ஸ்ஃபெக்‌ஷன் நாள்

முந்தின நாளே செல்களைப் பிரித்து மி.லி.க்கு 10 லட்சம் அளவில் வையுங்கள், மறுநாள் அவை வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் 20 லட்சத்தை ஒட்டி இருக்கும். வயபிலிட்டி (உயிருள்ள செல்களின் சதவீதம்) 95க்குக் கீழே இருந்தால் இன்றைய வேலையைத் தள்ளிப்போடுங்கள். அப்புறம், மெதுவாக 100 முதல் 200 ஜியில் (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) சுழற்றி, பழைய மீடியத்தை நீக்கி, புதிய மீடியத்தில் கலந்து விடுங்கள். செல்கள் தாங்களே வெளியிட்ட கழிவும் டிரான்ஸ்ஃபெக்‌ஷனைக் கெடுக்கும், நான் மாட்டிக்கொண்ட கட்டித்தடுப்பு மருந்தும் இந்தப் படியில் போய்விடும்.

100 மி.லி. வளர்ப்புக்குக் கணக்கு இப்படி. மொத்த பிளாஸ்மிட் 100 மைக்ரோகிராம், ஹெவி செயின் 50, லைட் செயின் 50 என்று தொடங்கலாம். நேர்கோட்டு பாலிஎத்திலீன்இமைன் 300 மைக்ரோகிராம், அதாவது மி.லி.க்கு 1 மில்லிகிராம் ஸ்டாக்கிலிருந்து 300 மைக்ரோலிட்டர். ஒரு குழாயில் 5 மி.லி. மீடியத்தில் டிஎன்ஏ, இன்னொன்றில் 5 மி.லி. மீடியத்தில் பாலிஎத்திலீன்இமைன். இரண்டாவதை முதலாவதில் ஒரேயடியாக ஊற்றி உடனே கலக்குங்கள், சொட்டுச்சொட்டாக விட வேண்டாம். 10 நிமிடத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், குழாயில் மிக லேசான ஒரு மங்கல் தெரியும். அதுதான் சரியான நேரம், செல்களில் ஊற்றிவிடுங்கள். ஃபோன் வந்தது, பேசிக்கொண்டிருந்தேன், 40 நிமிடம் ஆகிவிட்டது என்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகியிருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரிகிற தூசியாக. அதை ஊற்றாதீர்கள், புதிதாகக் கலக்குங்கள்.

டிஎன்ஏவுக்குப் பாலிஎத்திலீன்இமைன் 1க்கு 3 என்ற விகிதம் ஒரு தொடக்கம்தான். ஒவ்வொரு புது பாலிஎத்திலீன்இமைன் ஸ்டாக்குக்கும் 1க்கு 2, 1க்கு 3, 1க்கு 4 என்று சின்ன ஃபிளாஸ்க்குகளில் கன்ட்ரோல் ஆன்டிபாடியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கூடினால் செல் சாகும், குறைந்தால் டிஎன்ஏ உள்ளே போகாது. ஸ்டாக் தயாரிக்கும்போது பிஎச்சை 7க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரானில் வடிகட்டி, சின்னச் சின்னதாகப் பிரித்து உறையவையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

பிளாஸ்மிட் சுத்தமாக இருக்க வேண்டும். 260க்கும் 280 நானோமீட்டருக்குமான ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 முதல் 2.0, எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) நீக்கியது, அகரோஸ் ஜெல்லில் பெரும்பகுதி சுருண்ட வடிவத்தில். எந்த இரண்டு பிளாஸ்மிட்டையும் ஒப்பிடும்போது ஒரே கிட்டில், ஒரே வாரத்தில் எடுத்ததை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது புரோமோட்டரையா கிட்டையா என்று தெரியாது.

உள்ளே போனதா என்று தெரிய, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி பிளாஸ்மிட்டை மொத்த டிஎன்ஏவில் 5 சதவீதம் கலந்து ஒரு சின்ன ஃபிளாஸ்க் வையுங்கள். மறுநாள் முக்கால்வாசி செல்கள் ஒளிர்ந்தால் டிரான்ஸ்ஃபெக்‌ஷனை விட்டுவிட்டு அடுத்த இடத்தைத் தேடலாம்.

மறுநாளிலிருந்து

இங்கேதான் விளைச்சலை உண்மையிலேயே இரண்டு மடங்காக்க முடியும், அதுவும் மலிவாக.

எச்இகே செல்லாக இருந்தால், 24 மணி நேரம் கழித்து வால்ப்ரோயிக் அமிலம், இறுதியளவு 2 முதல் 4 மில்லிமோலார். இது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் கழற்றும் நொதியைத் தடுக்கும், டிஎன்ஏ தளர்ந்து நிற்கும், ஜீன் நன்றாகப் படிக்கப்படும். சோடியம் பியூட்டிரேட்டும் இதே வேலைதான், ஆனால் செல்லைக் கூடுதலாக வாட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு பலன் என்று நினைத்து நான் போட்டிருக்கிறேன், நான்காம் நாள் ஃபிளாஸ்க்கில் செத்த செல்தான் மிதந்தது. அதே நேரத்தில் அல்லது மறுநாள் டிரிப்டோன் என்1 என்ற பெப்டோனை (செரித்த புரதத் துண்டுகள்) 0.5 சதவீதம் சேர்ப்பது பல வருடமாக எல்லாரும் செய்கிற வேலை, செலவு குறைவு, எனக்குத் தெரிந்து ஏமாற்றியதில்லை.

சிஎச்ஓ செல்லுக்கு வேறு வழி. டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்கு மறுநாள் வெப்பத்தை 37லிருந்து 32 டிகிரிக்கு இறக்கி, கூடவே ஃபீட் கொடுங்கள். செல்கள் பெருகுவதை நிறுத்திக்கொண்டு உற்பத்தியில் இறங்கும், வயபிலிட்டி நீண்ட நாள் நிற்கும், அறுவடையை 10 முதல் 14 நாள் வரை தள்ளலாம். எச்இகேயில் இதே உத்தி இவ்வளவு நம்பகமாக வேலை செய்வதில்லை, அங்கே 37இலேயே விட்டுவிடுங்கள்.

குளுக்கோஸ் லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தினமும் அளக்கக் கருவி இல்லை என்றால், சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரே போதும். அது ரத்தத்துக்குச் செய்தது, மீடியத்தில் துல்லியம் குறையும், ஆனால் தெரிந்த அளவு குளுக்கோஸ் கலந்த மீடியத்தை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டால் போக்கு நன்றாகத் தெரியும். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று காட்டினால் அது லிட்டருக்கு 2 கிராம். அதற்காகக் குளுக்கோஸை அள்ளியும் கொட்டாதீர்கள், செல்கள் லாக்டேட்டாக்கித் தள்ளும், பிஎச் இறங்கும். குளூட்டமினும் அப்படித்தான், மிச்சமானது அம்மோனியாவாக மாறும், அது 5 மில்லிமோலாரைத் தாண்டினால் செல்கள் சோர்ந்துபோகும், ஆன்டிபாடியின் சர்க்கரைக் கிளையின் அமைப்பும் மாறும். கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதுதான் ஃபீட்.

எதை மாற்றினாலும் மொத்த மி.கி.யை மட்டும் பார்க்காமல், ஒரு செல் ஒரு நாளைக்கு எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். தினசரி உயிருள்ள செல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வந்தால் செல்-நாள் கிடைக்கும். உதாரணமாக மி.லி.க்கு 10 கோடி செல்-நாளில் லிட்டருக்கு 3 கிராம் வந்திருந்தால், ஒரு செல் ஒரு நாளைக்கு 30 பிகோகிராம் தந்திருக்கிறது. இந்த எண் நன்றாக இருந்து மொத்தம் குறைவாக இருந்தால் செல்களைக் கூட்டுங்கள், ஃபீடைப் பாருங்கள். செல் நிறைய இருந்தும் இந்த எண் சரிந்திருந்தால், செல்லுக்கு உள்ளேதான் எங்கேயோ அடைப்பு.

கன்ட்ரோல் நன்றாக வந்து உங்களுடையது வராதபோது

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். ஹெவி செயின் தனியாகச் செல்லைவிட்டு வெளியேறாது. அதன் சிஎச்1 பகுதி, லைட் செயின் வந்து சேரும்வரை மடியாமலே நிற்கும், பிப் என்ற காவல்காரப் புரதம் அதைப் பிடித்துவைத்திருக்கும். லைட் செயின் வந்தால்தான் பிப் கையை எடுக்கும். லைட் செயின் அப்படியில்லை, பெரும்பாலும் துணையில்லாமலே வெளியே போய்விடும். ஆகவே லைட் செயின் கொஞ்சம் மிகுந்திருப்பது நல்லது, ஹெவி செயின் மிகுந்தால் உள்ளே தேங்கிச் செல்லை அழுத்தும். ஹெவிக்கு லைட் 1க்கு 1, 1க்கு 2, 1க்கு 3, ஒரு ஒப்பீட்டுக்கு 2க்கு 1 என்று நான்கு சின்ன ஃபிளாஸ்க் வையுங்கள். மொத்த டிஎன்ஏ மாறக்கூடாது. சில ஆன்டிபாடிகளுக்கு இந்த ஒன்றே போதுமாக இருக்கும்.

அது போதவில்லை என்றால் நான் செய்வது, துணை மாற்றிப் பார்ப்பது. உங்கள் ஹெவி செயினோடு கன்ட்ரோலின் லைட் செயின், கன்ட்ரோலின் ஹெவி செயினோடு உங்கள் லைட் செயின். இப்படி உருவாவது எந்த ஆன்டிஜெனையும் சரியாகப் பிடிக்காது, அது வேண்டியதும் இல்லை, விளைகிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஜோடி சேர்ந்துகொள்ளும். எந்த ஜோடி படுத்துக்கொள்கிறதோ அதிலுள்ள உங்கள் செயின்தான் குற்றவாளி. இரண்டு ஃபிளாஸ்க், ஒரு வாரம், அதோடு பாதி வரிசையைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிடலாம். இரண்டு ஜோடியும் நன்றாக வந்து உங்கள் சொந்த ஜோடி மட்டும் வரவில்லை என்றால், அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

மீடியத்தையும் செல்லையும் தனித்தனியாக ஜெல்லில் ஓட்டி வெஸ்டர்ன் (ஜெல்லில் பிரிந்த புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காண்பது) செய்யுங்கள், ஒன்று செயின்களைப் பிணைக்கும் டைசல்ஃபைடை உடைத்து (ரெட்யூசிங்), ஒன்று உடைக்காமல் (நான்-ரெட்யூசிங்). ரெட்யூசிங் ஜெல்லில் ஹெவி செயின் 50, லைட் செயின் 25 கிலோடால்டனை ஒட்டி நிற்கும். நான்-ரெட்யூசிங்கில் முழு ஆன்டிபாடி 150 பக்கம். மீடியத்தில் 150 பக்கம் மங்கலாகவும் 50 பக்கம் அழுத்தமாகவும் ஒரு கோடு இருந்தால், அது இரண்டு லைட் செயின்கள் கைகோத்துக்கொண்டது, லைட் செயின் தாராளமாக இருக்கிறது, ஹெவி செயின்தான் தடுமாறுகிறது. செல்லுக்குள் ஹெவி செயின் கட்டியாகத் தெரிந்து மீடியத்தில் காணோம் என்றால் ஜீன் நன்றாகவே படிக்கப்படுகிறது, மடிவதில்தான் சிக்கல், இனி எத்தனை புரோமோட்டர் மாற்றினாலும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுதான். செல்லுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை என்றால்தான் வெக்டரைப் பார்க்கும் நேரம்.

மடிவதில் சிக்கல் என்று தெரிந்தால் வேரியபிள் பகுதியை, அதாவது ஆன்டிஜெனைப் பிடிக்கும் முனையை, எழுத்துக்கு எழுத்து படியுங்கள். ஜோடியில்லாத சிஸ்டீன் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா? அஸ்பராஜின், நடுவில் புரோலின் தவிர எதுவும், அடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற அமைப்பு வேரியபிள் பகுதியில் வந்து தேவையில்லாத சர்க்கரை ஒட்டுகிறதா? ஃபிரேம்வொர்க்கில் (பிடிக்கும் வளையங்களைத் தாங்கும் சட்டகம்) அந்த ஜெர்ம்லைனில் (உடலின் மூல ஆன்டிபாடி ஜீன்) எங்குமே காணாத ஒரு எழுத்து இருக்கிறதா? சீக்வென்சிங் பிரைமரில் இருந்து வந்த தவறு வரிசையின் முதல் சில எழுத்துகளில் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஃபிரேம்வொர்க்கில் ஒன்றிரண்டு எழுத்தை ஜெர்ம்லைனுக்குத் திருப்புவது பல நேரம் விளைச்சலை மீட்டுத்தரும், பிடிமானம் குறையவில்லை என்பதை மட்டும் பிறகு சோதித்துவிடுங்கள்.

வெக்டரில் பார்க்க வேண்டியது குறைவுதான். புரதம் தொடங்கும் ஏடிஜி எழுத்துகளுக்கு முன்னால் ஜிசிசிஏசிசி இருக்கிறதா, சிக்னல் பெப்டைடு முடிந்து வேரியபிள் பகுதி தொடங்கும் இடம் சரியாக வெட்டுப்படுமா, புரோமோட்டருக்குப் பின்னால் ஓர் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) உண்டா. எச்இகே செல்லில் ஈபிஎன்ஏ1 என்ற வைரஸ் புரதம் இருந்தால், அது பிடித்துக்கொள்ளும் ஓரிபி என்ற பகுதி பிளாஸ்மிட்டில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

அறுவடையில் கோட்டைவிடாதீர்கள்

எச்இகேயில் 5 முதல் 7 நாள். வயபிலிட்டி 60 சதவீதத்துக்குக் கீழே போகுமுன் எடுத்துவிடுங்கள், இன்னொரு நாள் விட்டால் இன்னும் கொஞ்சம் சேரும் என்ற ஆசையில் விட்டால் செத்த செல்கள் உடைந்து புரதத்தை வெட்டும் புரோட்டியேஸையும் டிஎன்ஏவையும் கொட்டும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். முதலில் 300 ஜியில் மெதுவாகச் செல்லை இறக்கி, மேலே நிற்பதை 4,000 ஜியில் அரைமணி நேரம் சுழற்றி, அப்புறம் 0.22 மைக்ரான். அதுவரை குளிரில் வையுங்கள். காற்றில்லாமல் வெதுவெதுப்பாக இரவு முழுக்க நின்ற அறுவடையில் செல்லிலிருந்து கசிந்த நொதிகள் டைசல்ஃபைடு பிணைப்பை அறுத்துவிடும், காலையில் ஜெல்லில் முழு ஆன்டிபாடி இருந்த இடத்தில் துண்டுகள் நிற்கும்.

சுத்திகரிக்க, ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ ரெசினில் ஏற்றுமுன் பிஎச் 7.4ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள். புரோட்டீன் ஏ எல்லாவற்றையும் பிடிக்காது: மனித ஐஜிஜி3ஐப் பிடிக்காது, எலி ஐஜிஜி1ஐ அரைகுறையாகத்தான் பிடிக்கும், அதற்குப் புரோட்டீன் ஜி போடுங்கள். ஒருவர் எலி ஐஜிஜி1 வடிவத்தில் செய்த ஆன்டிபாடி விளையவே இல்லை என்று மூன்று முறை டிரான்ஸ்ஃபெக்‌ஷன் செய்துவிட்டு வந்தார், ரெசினில் ஒட்டாமல் ஓடிப்போன திரவத்தை எங்கே என்று கேட்டேன், கொட்டிவிட்டேன் என்றார். நான்காம் முறை கொட்டாமல் வைத்தார், முக்கால்வாசி ஆன்டிபாடி அதில்தான் இருந்தது. இறுதி எண் கையில் வரும்வரை எந்தத் திரவத்தையும் கொட்ட வேண்டாம்.

பிஎச் 3 கிளைசினில் இறக்கும்போது, சேகரிக்கும் குழாயில் பத்தில் ஒரு பங்கு 1 மோலார் டிரிஸ், பிஎச் 9, முன்கூட்டியே ஊற்றி வையுங்கள். அமிலத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கட்டிப்படும் வாய்ப்பைக் கூட்டும். கலங்கலாக இறங்கினால் பிஎச்சை 3.5க்கு ஏற்றிப் பாருங்கள்.

எப்போது நிலையான செல் வரிசைக்குப் போவது

ஒரே ஆன்டிபாடி மாதாமாதம் கிராம் கணக்கில் வேண்டுமென்றால் தற்காலிக வழி கட்டுப்படியாகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் பிளாஸ்மிட் என்றால் 20 லிட்டருக்கு 20 மில்லிகிராம் சுத்தமான டிஎன்ஏ, ஒவ்வொரு முறையும். சிஎச்ஓவில் குளூட்டமின் சிந்தெட்டேஸ் ஜீனை நீக்கிய வரிசையை எடுத்து, அந்த ஜீனோடு சேர்த்து உங்கள் இரண்டு செயின்களையும் டிரான்ஸ்போசான் வெக்டரில் (செல்லின் டிஎன்ஏவுக்குள் தன்னை நுழைத்துக்கொள்ளும் வெக்டர்) செலுத்தி, குளூட்டமின் இல்லாத மீடியத்தில் வளர்த்தால், இரண்டு மூன்று வாரத்தில் பிழைத்து நிற்கும் பூல் (பல செல்களின் கலவை) கையில் இருக்கும். பல ஆய்வுத் தேவைகளுக்கு இந்தப் பூலே போதும். ஒற்றைச் செல் குளோன் தேடுவது பல மாத வேலை, நூற்றுக்கணக்கில் சலிக்க வேண்டும், நன்றாக விளைகிற குளோன்கூட சுமார் 60 தலைமுறை தாண்டியும் அதே அளவு தருகிறதா என்று பார்க்காமல் நம்ப முடியாது, சிஎம்வி புரோமோட்டர் மெத்தில் ஏறி மெல்ல அடங்கிப்போவது சிஎச்ஓவில் வழக்கம்தான்.

பூல் பிழைத்து வயபிலிட்டி 90ஐத் தொட்ட அன்றே, விளைச்சலை அளப்பதற்கு முன்னாலேயே, பத்துக் குப்பியாவது உறையவைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதில் ஒன்றை உருக்கிப் பாருங்கள், உயிரோடு எழுந்தால் மற்றவற்றைத் திரவ நைட்ரஜனிலேயே விட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள்.